பிரேக் பிடி மெத்தென்று போனால்

தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அபூர்வம். விடிகாலையில் பிரட்டுக்குப் போவது அதில். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவது அதில். டவுனுக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வருவதும், நடு இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதும் அதில்தான். அந்த வண்டியின் எஞ்சின் வழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். பிரேக் போய்விட்டால் இறங்குவதற்கே அவகாசம் இராது. ஆகவே, எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் ஏன் கெடுகிறது, கெட்டிருப்பதை எப்படி அடையாளம் காண்பது, அதனுள் புகுந்துவிட்ட காற்றை எப்படி வெளியேற்றுவது என்பவற்றை இன்று நாம் பார்ப்போம்.

முன்பெல்லாம் தோட்டத்து வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான். ஹோண்டா இ.எக்ஸ். 5 ஓட்டியவர்களுக்கு அது கைவந்த பழக்கம். முன் சக்கரத்துக்கு ஒரு கேபிள், பின் சக்கரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. பிரேக் தளர்ந்தால் ஒரு நட்டைக் கையாலேயே இரண்டு சுற்று திருகிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். டிஸ்க் பிரேக் அந்த ரகம் அல்ல. திருகி இறுக்குவதற்கு அதில் நட்டே கிடையாது. தேய்மானத்துக்கு ஏற்றபடி அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆகவே அதன் பிடி தளர்ந்தால், உள்ளே ஏதோ கோளாறு என்று பொருள்.

இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பிடி மெத்தென்று போகிறது. இன்னும் ஒரு முறை அமுக்கினால் கெட்டிப்படுகிறது. "ரெண்டு தடவை அமுக்கினா பிடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டாவது தடவை அமுக்க ஒரு விநாடி ஆகுமானால், பிரேக்கே இல்லாமல் 17 மீட்டர் போகிறோம். சந்தியில் திரும்பும் குலை லாரியோ, பந்தை விரட்டிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையோ அந்த 17 மீட்டருக்குள் இருந்தால் என்ன ஆகும்?

இன்னொரு பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. செம்மண் சாலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கிவிடும் என்ற பயத்தில் சிலர் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறார்கள். சரளைக்கல்லில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தார்ச் சாலையில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. நிறுத்தும்போது பாரம் முழுவதும் முன்னோக்கிச் சாய்வதே அதற்குக் காரணம். தோட்டத்துக்குள் முன் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுகிறவர், அது கெட்டுப்போயிருப்பதை முதன்முதலாக அறிவது பெரிய சாலையில், அவசர நேரத்தில்தான்.

இனி அது வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

ஹேண்டலில் பிரேக் பிடிக்குப் பக்கத்தில் சிறு பெட்டி போல ஒன்று இருக்கிறதல்லவா? அதைப் பட்டறைக்காரர்கள் மாஸ்டர் பம்ப் என்பார்கள். அதன் மேற்பகுதி எண்ணெய்த் தொட்டி. கீழே ஒரு சிறு குழாயும் அதற்குள் ஒரு பிஸ்டனும் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் சக்கரம் வரை இறங்குகிறது. சக்கரத்தின் அருகே இரும்புத் தட்டைக் கவ்விக்கொண்டிருப்பது காலிப்பர். அதனுள் பெரிய பிஸ்டன் ஒன்றோ இரண்டோ உண்டு. நாம் பிடியை அமுக்கினால் மேலே உள்ள சிறிய பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் கீழே உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. அது பிரேக் பேடுகளைத் தட்டின் மேல் அழுத்துகிறது.

அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. மேல் பிஸ்டனின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர், கீழ் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே 10 கிலோ பாரத்தோடு தள்ளினால் கீழே 40 கிலோ பாரத்தோடு அழுத்தும். அதனால்தான் இரண்டு விரலால் அமுக்கி, ஆளும் மூட்டையுமாக வரும் வண்டியை நிறுத்த முடிகிறது. 1969ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் தன்னுடைய சி.பி. 750 வண்டியின் முன் சக்கரத்தில் இத்தகைய பிரேக்கைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் மோட்டார் சைக்கிள்களில் இது பரவலாயிற்று.

ஆனால் இந்த லாபம் சும்மா கிடைப்பதில்லை. கீழே பலம் நான்கு மடங்கானால் நகரும் தூரம் நான்கில் ஒன்றாகக் குறையும். மேல் பிஸ்டன் 1 சென்டிமீட்டர் நகர்ந்து தள்ளுகிற எண்ணெய் மொத்தமே 1 கன சென்டிமீட்டர். தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு! அவ்வளவு சிறிய அளவைக் கொண்டுதான் பிரேக் தன் வேலை முழுவதையும் செய்கிறது. இப்போது ஹோஸுக்குள் பட்டாணி அளவு காற்றுக் குமிழி ஒன்று இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சுருங்காது, காற்றோ பந்துபோல் சுருங்கும். நாம் பிடியை அமுக்கும்போது அந்த 1 கன சென்டிமீட்டரில் பாதி, குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. பிடி ஹேண்டலைத் தொட்டுவிடும். பேடோ தட்டைச் சரியாகத் தொட்டிராது. மெத்தென்று போவதன் இரகசியம் இதுதான்.

சரி, காற்றை எடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அங்கேதான் நாம் அவசரப்படக் கூடாது. காற்று சும்மா உள்ளே வராது. எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் எடுத்தால் அடுத்த மாதமே மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரேக் தளர்ந்ததெல்லாம் காற்றினால்தான் என்பதும் இல்லை. முதலில் சோதனை செய்வோம். இதற்குச் சாவி எதுவும் வேண்டாம். நல்ல வெளிச்சமும் ஒரு வெள்ளைத் துணியும் போதும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பிடியை ஒரே சீராக அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள், ஒரு நிமிடம் வரை. அமுக்கிய இடத்திலேயே கெட்டியாக நின்றால் நல்லது. மெத்தென்று இருந்து, நாலைந்து முறை தொடர்ந்து அமுக்கியதும் மேலேறிக் கெட்டிப்பட்டால் பெரும்பாலும் காற்றுதான். அமுக்கிப் பிடித்திருக்கும்போதே பிடி மெல்ல மெல்ல ஹேண்டலை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் அது வேறு நோய். எங்கோ கசிகிறது. வெளியே கசிவு தெரியாவிட்டால், மாஸ்டர் பம்பின் பிஸ்டனில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் பின்பக்கமாக நழுவுகிறது என்று பொருள். இதற்கு நூறு முறை காற்றெடுத்தாலும் பயனில்லை. அந்த ரப்பரையோ பம்பையோ மாற்றத்தான் வேண்டும்.

பிறகு வெள்ளைத் துணியால் ஒவ்வோர் இடமாகத் துடைத்துப் பாருங்கள். பிரேக் பிடி பம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு சிறு ரப்பர் உறை இருக்கும். அதன் அடியில் ஈரம் உண்டா? ஹோஸின் இரு முனைகளையும் இறுக்கும் போல்ட்டுகளில்? காலிப்பரின் உட்புறத்தில்? ஹேண்டலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, ஹோஸ் வளைகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஓடும் வண்டிகளில் மட்டை உரசி ஹோஸ் காயப்படுவது சாதாரணம். வெடிப்பு கண்டால் டேப் சுற்றி ஒட்டவைக்க நினைக்க வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஏற்படும் அழுத்தத்தை எந்த டேப்பும் தாங்காது.

தொட்டியில் எண்ணெய் குறைந்திருப்பதை வைத்தும் நோயை அறியலாம். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு கண்ணாடி வட்டம் இருக்கும். எண்ணெய் மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் பலர் உடனே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். அது தவறு. பிரேக் பேடு தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்ந்து வருகிறது; அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் கீழே இறங்குகிறது. ஆகவே கசிவு இல்லாமல் மட்டம் குறைந்தால் பேடு தேய்ந்துவிட்டது என்று வண்டி நமக்குச் சொல்கிறது. காலிப்பருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பேடின் கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் மாற்றிவிடுவது நல்லது.

பேடு மாற்றும்போது நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் மேல் படிந்த சேற்றையும் தூளையும் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் அழுக்கு ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். மாற்றி முடித்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன், பிடி கெட்டிப்படும் வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதிய பேடு போட்டவுடன் முதல் அமுக்கில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அப்படியே கிளப்பிக்கொண்டு போய் முதல் வளைவில் விழுந்தவர்கள் உண்டு.

பிடி கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் காற்றின் மேல் பழி போடக் கூடாது. பேடின் மேலோ தட்டின் மேலோ எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம். சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரே தவறிப் படுவதும், வண்டி பளபளக்க வேண்டுமென்று மெருகெண்ணெய் பூசுவதும் இதற்குக் காரணமாகின்றன. எண்ணெய் குடித்த பேடைக் காயவைத்தும் தேய்த்தும் பயனில்லை, மாற்ற வேண்டும். இதற்கு நேர்மாறாக, பிடியை விட்ட பிறகும் சக்கரம் தாராளமாகச் சுழலவில்லை என்றால், பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். அல்லது காலிப்பர் நகரும் ஊசிகள் சேற்றால் இறுகியிருக்கலாம். சோதிக்கும்போது தட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். உரசிக்கொண்டே ஓடிய தட்டு தோசைக்கல்லைப் போலச் சுடும்.

இப்போது பிரேக் எண்ணெயைப் பற்றி. எண்ணெய் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த இரசாயனத் திரவம். எஞ்சின் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் அதற்கு ஈடாகாது. டிராக்டருக்கு ஊற்றும் ஹைட்ராலிக் எண்ணெய் தோட்டத்துப் பட்டறையில் டின் டின்னாக இருக்கும். பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அதை எடுத்து ஊற்றிவிடக் கூடாது. இந்த எண்ணெய்கள் பிரேக்கின் ரப்பர் வளையங்களை ஊறிப் பெருக்கச் செய்துவிடும். பிறகு பம்ப், ஹோஸ், காலிப்பர் ரப்பர் எல்லாவற்றையுமே மாற்றும்படி ஆகும். தொட்டி மூடியின் மேல் 'டாட் 3' அல்லது 'டாட் 4' என்று பொறித்திருப்பார்கள். அதன்படியே வாங்க வேண்டும். 'டாட் 5' என்பது சிலிக்கோன் வகை. எண் பெரிதாயிற்றே, உயர்ந்ததாக இருக்கும் என்று எண்ணி அதை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் உப்பு நீர்த்துப்போவது போல, இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் இதைச் சொல்லவே வேண்டாம். புதிய டாட் 4 திரவம் கொதிப்பதற்குக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். கொதித்தால் என்ன? ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கக்கூடியது. பிடி திடீரென்று ஹேண்டலில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையை எடுத்துக்கொள்வோம். உயர வித்தியாசம் 1,300 மீட்டருக்கும் மேல். வண்டி, இரண்டு ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 250 கிலோ என்றால், அந்த இறக்கம் முழுவதிலும் வெளிப்படும் சக்தி 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் எஞ்சினின் பங்கும் பிரேக்கின் தலையில்தான் விழும். இறக்கத்தில் கியரைக் குறைத்து வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது பெட்ரோல் கணக்குக்காக அல்ல. இந்த நோயில் ஏமாற்றும் குணம் ஒன்றும் இருக்கிறது: அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடியும் திரவமாகி, பிரேக் பழையபடி பிடிக்கும். பட்டறையில் காட்டினால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மலை இறக்கத்தில் மட்டும் பிரேக் மெத்தென்று போனால், அந்தத் திரவம் பழையதாகிவிட்டது என்று கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிடுவது முறை. தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சரி, கசிவு இல்லை, பேடு நன்றாக இருக்கிறது, காற்றுதான் என்று தெரிந்துவிட்டது. காற்றெடுக்கும் வேலைக்கு வருவோம். இது இரண்டு பேர் செய்யும் வேலை. தந்தையும் மகனுமோ, கணவனும் மனைவியுமோ சேர்ந்து செய்யலாம். வேண்டிய சாமான்கள்: முத்திரை உடைக்காத புதிய பிரேக் எண்ணெய்ப் போத்தல், காலிப்பரின் நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் வளைய ஸ்பேனர் (பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்), மீன் தொட்டிக்குக் காற்று விடும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், ஒரு கண்ணாடிப் போத்தல், பழந்துணி, ஒரு வாளித் தண்ணீர். பாதி மீந்து ஓராண்டாக அலமாரியில் கிடந்த எண்ணெய் வேண்டாம். அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

எண்ணெய்த் தொட்டி மட்டமாக இருக்கும்படி ஹேண்டலைத் திருப்பி வையுங்கள். தொட்டியைச் சுற்றிலும் துணியைக் கட்டுங்கள். இந்தத் திரவம் பட்ட இடத்தில் சாயம் உரிந்துவிடும். பட்டுவிட்டால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வாளித் தண்ணீர் அதற்குத்தான். ஆனால் தொட்டி திறந்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்குள் விழக் கூடாது. மூடியின் திருகுகள் மழையில் நனைந்து இறுகிப் போயிருக்கும். திருப்புளியைச் சரியாகப் பொருத்தி அதன் தலையில் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பிறகு திருகினால் தலை நசுங்காமல் கழன்று வரும். மூடிக்குக் கீழே உள்ள ரப்பர் தகட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். உள்ளிருக்கும் பழைய திரவத்தைத் துணியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மேல்கோடு வரை ஊற்றுங்கள்.

காலிப்பரின் உச்சியில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு சிறு திருகு இருக்கும்; அதுதான் நிப்பிள். தொப்பியைக் கழற்றி, முதலில் வளைய ஸ்பேனரை மாட்டி, அதன் பிறகு பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். குழாய் சற்று மேல்நோக்கி வளைந்து பிறகு போத்தலுக்குள் இறங்கட்டும். அதன் மறுமுனை போத்தலில் சிறிதளவு ஊற்றிய புதிய எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கட்டும். அப்போதுதான் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும், வெளிக்காற்றும் திரும்பி உள்ளே போகாது.

இனி இருவரும் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். கீழே இருப்பவர் "அமுக்கு" என்கிறார். மேலே இருப்பவர் பிடியை மெதுவாக அமுக்கி, "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்கிறார். அந்தப் பதில் வந்த பிறகே கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். எண்ணெயும் குமிழியும் குழாயில் பீறிட்டு வரும். பிடி ஹேண்டல் வரைக்கும் இறங்கும். இறங்கினாலும் மேலே இருப்பவர் கையை எடுக்கக் கூடாது. நிப்பிளை மூடிய பிறகு "விடு" என்று சொன்னால்தான் விட வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பிடியை விட்டால், வெளியே தள்ளிய காற்றை நாமே உள்ளே இழுத்துக்கொள்வோம். செய்த வேலை அத்தனையும் வீண். விளையாட்டுப் புத்தியுள்ள பையனைப் பிடியில் உட்காரவைத்தால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும்!

இப்படி நாலைந்து முறை செய்ததும் தொட்டியைப் பார்த்து எண்ணெய் ஊற்றுங்கள். தொட்டி காலியானால் மேலிருந்து காற்று புகுந்து வேலை முதலிலிருந்து தொடங்கும். குழாயில் வரும் திரவம் பழுப்பு நிறம் மாறிப் புதிதாக, குமிழி இல்லாமல் வரும் வரை தொடர வேண்டும். இருபது முப்பது தடவை ஆகலாம். இடையிடையே ஹோஸையும் காலிப்பரையும் திருப்புளியின் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொடுத்தால் ஒட்டியிருக்கும் குமிழிகள் பிடிவிட்டு மேலே வரும். துருப்பிடித்த நிப்பிள் கழல மறுத்தால் முழுப் பலத்தையும் காட்டாதீர்கள். அதன் நடுவில் துளை இருப்பதால் சட்டென்று முறிந்துவிடும். துரு இளக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டு, அது தட்டின் மேல் படாமல் துணியால் மறைத்து, ஓர் இரவு காத்திருங்கள்.

எவ்வளவு எடுத்தும் கொஞ்சம் மெத்தென்றே இருக்கிறதா? காற்று மாஸ்டர் பம்பிலேயே தங்கியிருக்கலாம். தொட்டி மூடியைத் திறந்தபடி, பிடியை ஒரு சிறு தூரம் மட்டும் மெல்ல அமுக்கி அமுக்கி விட்டால், தொட்டியின் அடியிலுள்ள ஊசித்துளை வழியாக நுண்ணிய குமிழிகள் மேலே வருவதைக் காணலாம். வேகமாக அமுக்கினால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போக வேண்டும். மூடியைப் போட்டு, பிடியை ஹேண்டலோடு ரப்பர் பட்டையால் கட்டி இரவு முழுதும் விட்டுவைக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. மீந்திருக்கும் சிறு குமிழிகளுக்கு அது உதவும். அதை மட்டுமே நம்பிக் காற்றெடுக்காமல் இருப்பது சரியல்ல.

ஸ்கிராம்பிளர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பின் சக்கரத்துக்கும் எண்ணெய் பிரேக் இருக்கும். சேற்றில் ஓட்டும்போது காலைப் பெடலின் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கத்தால், கொஞ்சமே எண்ணெய் கொள்ளும் அந்தப் பின் பிரேக் சூடேறிக் கொதித்துவிடும். அதற்கும் காற்றெடுக்கும் முறை இதுவே. ஆனால் வேலைக்காகக் காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டால் நிப்பிள் மேல்பக்கமாக இருக்க வேண்டும். காற்று எப்போதும் உச்சியைத் தேடும். நிப்பிள் பக்கவாட்டிலோ கீழேயோ இருந்தால் எண்ணெய் மட்டும் வரும், காற்று உள்ளேயே குடியிருக்கும். ஏ.பி.எஸ். பொருத்திய வண்டியானால், அந்தக் கருவிக்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் எடுப்பது கடினம். பட்டறையில் விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்கித் தொப்பி போடுங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டாமல் பார்த்து, ரப்பர் தகட்டைத் துடைத்து மடிப்பில்லாமல் வைத்து, மூடியை இறுக்குங்கள். காலிப்பரையும் தட்டையும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுப் பிடியை முன்போலவே ஒரு நிமிடம் அமுக்கிப் பாருங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு லயத்துக்கு முன்னால் சமதரையில், பின் பிரேக்கின் மேல் காலை வைத்தபடி மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை நிறுத்திப் பார்க்கலாம். அதுவரை பின்னால் யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, ஏற்றிக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலையில் வெள்ளைத் துணியால் இன்னொரு முறை எல்லா இடத்தையும் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எடுத்த பழைய திரவம் நஞ்சு. பார்ப்பதற்குச் சாயத் தண்ணீர் போலவோ தேநீர் போலவோ இருக்கும். குளிர்பானப் போத்தலில் ஊற்றிச் சமையல் கட்டு ஓரத்தில் வைத்துவிட்டால், தாகத்தோடு விளையாடி வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. களைக்கொல்லி மருந்தை இப்படிப் போத்தலில் வைத்துப் பட்ட துன்பங்கள் தோட்டத்து மக்களுக்குப் புதியவை அல்ல. பழைய திரவத்தைக் கால்வாயிலோ காய்கறிப் பாத்தி ஓரத்திலோ கொட்டவும் வேண்டாம். மூடி போட்ட பழைய பிரேக் எண்ணெய்ப் போத்தலிலேயே ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, அடுத்த முறை டவுனுக்குப் போகும்போது எஞ்சின் எண்ணெய் மாற்றும் பட்டறையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.